முதலில் தண்ணீர் கேளுங்கள்

நவம்பர் வந்தால் மட்டக்களப்பில் மழையும் வரும், நிவாரணமும் வரும். வாவி நிறைந்து தாழ்ந்த காணிகளுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கும் அதே நாட்களில்தான் திருச்சபையின் நாட்காட்டியில் வறியோர் உலக நாளும் விழுகிறது. இரக்கத்தின் யூபிலி ஆண்டு 2016 நவம்பரில் முடிந்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய நாள் அது. 2017 முதல், கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையில் ஆண்டுதோறும் வருகிறது. பங்குகளில் உலர் உணவுப் பொதி கொடுப்போம். அரிசி, பருப்பு, சீனி, மா, தேயிலை, சவர்க்காரம். மண்டபத்தில் பெயர் வாசிப்பார்கள். ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து இரண்டு கையாலும் வாங்குவார்கள். யாராவது படம் எடுப்பார்கள்.

பொதி கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 2022இல் சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, ஒரு பொதி ஒரு வீட்டை எத்தனை நாள் தாங்கிப்பிடிக்கும் என்று கண்ணால் கண்டவள் நான். பசியோடு இருப்பவருக்குச் சோறுதான் முதல் நற்செய்தி. திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 ஒக்டோபரில் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையும் வறியவர்மேல் கொள்ளவேண்டிய அன்பைப் பற்றியதே. தருமம் கொடுப்பது பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று அதில் வற்புறுத்துகிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

என் மனத்தைப் பிடித்து உலுக்குகிற கேள்வி வேறு. அந்தப் பொதியைத் தூக்கிக்கொண்டு போகும் தாயின் வீட்டில் நம்மில் எத்தனை பேர் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறோம்?

எங்கள் பங்கில் புனித வின்சென்ட் டி போல் சபையின் பந்தி, அதாவது கிளைக் குழு, ஒன்று இருக்கிறது. நானும் அதில் ஒரு ஆள். இந்தச் சபையை 1833இல் பரிசில் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் பிரெடெரிக் ஓசானாம் என்ற பல்கலைக்கழக மாணவர். அப்போது அவருக்கு வயது 20. கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று சக மாணவர்கள் கேட்ட கேள்விதான் அவரைக் கிளப்பியது. கையில் காசில்லாத மாணவர்கள் என்ன செய்ய முடியும்? பரிசின் மிக வறிய குடியிருப்பில் வேலை செய்துகொண்டிருந்த ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி அவர்களுக்கு வழி காட்டினார். வீடுகளுக்குப் போங்கள் என்றார். ஏறக்குறைய 200 வருடத்துக்குப் பிறகும் சபையின் அடிப்படை வேலை அதுதான். இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போவது, இருப்பது, கேட்பது. கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் சேர்ந்த காலத்தில் என்னை ஒரு மாமியோடு சேர்த்துவிட்டார்கள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வுபெற்ற தாதி. பேச்சு குறைவு. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, திண்ணையிலோ பாயிலோ இருந்தவுடன் அவ சொல்லுகிற முதல் வார்த்தை ஒன்றுதான்: "புள்ள, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா."

வெயிலுக்குத் தாகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்திலும் கேட்டா. ஒரே பின்னேரத்தில் நான்கு வீட்டுக்குப் போனால் நான்கிலும் கேட்டா. ஒரு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, "மாமி, இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்களே" என்றேன். "நாம குடுக்கப் போறமெண்டு அவங்களுக்குத் தெரியும் மகள். அவங்களிட்ட வாங்கவும் வந்திருக்கமெண்டு முதல்ல தெரியோணும்" என்றா. அதற்குமேல் விளக்கவில்லை.

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் பிறகு நான் நற்செய்தியைத் திரும்பப் படித்தேன். இரக்கம் என்றதும் நமக்கு மத்தேயு 25தான் ஞாபகம் வரும். பசியாய் இருந்தேன், தாகமாய் இருந்தேன், அன்னியனாய் இருந்தேன். அதில் நாம் எப்போதும் கொடுக்கிற பக்கத்தில் நம்மை வைத்துக்கொள்கிறோம். ஆனால் இயேசு ஒதுக்கப்பட்டவர்களிடம் போன இடங்களை வரிசையாகப் பாருங்கள். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் சொன்னது "குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்" என்பதுதான். யூதர் சமாரியருடன் பழகாத காலம். அந்தப் பெண்ணே திகைத்துப்போய், யூதராகிய நீர் என்னிடம் தண்ணீர் கேட்பது எப்படி என்கிறாள். சக்கேயு மரத்தில் இருக்கிறார். ஊரே வெறுத்த வரிவசூலிப்பவர். அவரைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. இன்று உமது வீட்டில் நான் தங்கவேண்டும் என்று தானே விருந்தாளியாகிறார். பாடுகளுக்கு முன் பெத்தானியாவில் அவர் பந்தியில் இருந்தது தொழுநோயாளர் சீமோன் என்பவரின் வீட்டில். எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பும்போதும், போகிற வீட்டில் அவர்களிடம் உள்ளதை உண்டு குடியுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார். பையும் காசும் கொண்டுபோக வேண்டாம் என்கிறார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், பெற்றுக்கொள்ளும் நிலையில் போகச் சொல்கிறார்.

அவர் கொடுத்ததெல்லாம் உண்மை. சுகம் கொடுத்தார், அப்பம் கொடுத்தார், மன்னிப்புக் கொடுத்தார். ஆனாலும் ஒதுக்கிவைக்கப்பட்டவரின் வாசலில் அவர் கையேந்தி நின்றிருக்கிறார். ஒதுக்கப்படுவதில் உள்ள பெரிய வேதனை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நம்புகிறேன். நம் கையால் ஒருவரும் ஒன்றும் வாங்கமாட்டார்கள் என்ற வேதனை அது.

இதை நான் ஒரு வீட்டில்தான் விளங்கிக்கொண்டேன். அந்த ஊரின் பெயரை எழுதமாட்டேன்.

வாவிக்கரைப் பக்கமாக உள்ள வீடு. ஒரு அறை கல்லால் கட்டி முடிந்திருக்கிறது, மற்றது தகரம். அந்த அம்மாவுக்குத் தொழுநோய் வந்து, மருந்து எடுத்து, முழுதாகச் சுகமாகிப் பல வருடம். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கப் பிந்திவிட்டது. அதற்குள் நரம்புகள் பழுதாகி, வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. இரண்டு கையிலும் உணர்ச்சி இல்லை. சுடுகிறதா குளிருகிறதா என்று தெரியாது. அதனால் அடுப்படியில் அவ செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறா. கேத்தலின் பிடியில் பழைய சறத் துணியை மொத்தமாகச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறா. விறகைத் தள்ள ஒரு நீளத் தடி. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்முன் இரண்டு கையையும் காலையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. எங்காவது சுட்டிருந்தால், வெட்டியிருந்தால், கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாமி வழக்கம்போல் தண்ணீர் கேட்டா. அந்த அம்மா எழும்பவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. "கடையில சோடா வாங்கித் தரட்டா?" என்று கேட்டா. மூடிபோட்ட போத்தல் என்றால் அவவின் கை படாது. வருகிறவர்களுக்கு அவ வழக்கமாகச் செய்வது அதுதான் என்று பிறகு தெரிந்தது. கையில் இருக்கும் கொஞ்சக் காசில், தன் கை படாத ஒன்றை வாங்கிக் கொடுத்துத் தன் வீட்டு மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிறா. "சோடா வேணாம் புள்ள. தேத்தண்ணி ஊத்து" என்றா மாமி.

கேத்தல் கொதிக்க நேரம் எடுத்தது. மழை ஈரத்தில் விறகு புகைந்தது. மடங்கிய விரல்களுக்கிடையில் கரண்டியைச் செருகிச் சீனியை அள்ளினா. கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கொட்டாமல், மெல்லக் கொண்டுவந்து மாமியிடம் நீட்டினா. அடுத்தது எனக்கு. தேத்தண்ணி நல்ல சாயமாக இருந்தது, இஞ்சி போட்டிருந்தது. நாங்கள் குடித்து முடிக்கும்வரை அவ வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. குடித்த கோப்பைகளை வாங்கும்போது, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டா. அந்தக் குரல் முதலில் கேட்ட குரல் இல்லை. வீட்டுக்காரியின் குரல்.

அதற்குப் பிறகுதான் அவ தன் விஷயம் பேசினா. மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் திரும்பிப் போனது, கோயிலில் சமாதானம் பரிமாறும் நேரம் பக்கத்தில் நின்றவர் கையைக் கட்டிக்கொண்டது. நாங்கள் கொண்டுபோன பொதி அவ்வளவு நேரமும் சைக்கிளிலேயே இருந்தது.

இந்த நோய் பற்றிச் சிலதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயத்துக்கு மருந்து தகவல்தான். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. பரம்பரையாக வருவதில்லை, பாவத்துக்குக் கிடைத்த தண்டனையும் இல்லை. தொட்டதும் ஒட்டாது. ஒரே கோப்பையில் குடிப்பதாலும் வராது. மருந்து எடுக்காத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கி வாழ்பவருக்கு, மூச்சுவழியாகத் தொற்றலாம். அப்போதும் பெரும்பாலானோருக்கு உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. றிபம்பிசின், டப்சோன், குளோபாசிமின் என்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இலங்கையில் 1983இல் வந்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் எடுத்தால் முழுச் சுகம். அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக இலங்கை 1995இல் அறிவித்தது. ஆனால் புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள், கிழக்கிலும் வருகிறார்கள். தோலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த ஒரு தழும்பு இருந்தால் உடனே காட்டுங்கள். வெட்கத்தில் மறைப்பதால்தான் விரல்கள் மடங்குகின்றன. அந்த வெட்கத்தை உண்டாக்குவது நாங்கள்.

மட்டக்களப்பாருக்கு மாந்தீவைத் தெரியும். வாவிக்குள் இருக்கிற சிறிய தீவு. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்த வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. போவதற்குத் தோணி வேண்டும். பழைய ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். கூட்டிக்கொண்டு போனவர்களில் பலர் பிறகு ஊர் திரும்பவில்லை. சுகமான பிறகும் திரும்ப வீடு இல்லாமல் போனவர்கள் இருந்தார்கள். அங்கே போய் அவர்களோடு இருந்து பணிசெய்த கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். அசிசியின் பிரான்சிஸ் சாவதற்கு முன், 1226இல் சொல்லி எழுதுவித்த கடைசிச் சாசனத்தில், தன் மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் சொல்வது தொழுநோயாளரைத்தான். அவர்களைப் பார்ப்பதே தனக்கு மிகக் கசப்பாக இருந்தது என்றும், ஆண்டவரே தன்னை அவர்கள் நடுவே கூட்டிக்கொண்டு போனார் என்றும், கசப்பாக இருந்தது பிறகு இனிப்பாக மாறியது என்றும் சொல்கிறார். தான் அவர்களுக்கு என்ன கொடுத்தேன் என்ற கணக்கு அதில் இல்லை. தனக்குக் கிடைத்த இனிமையைத்தான் எழுதிவைத்திருக்கிறார்.

சரி, நோயை விடுவோம். சாதிக்கு வருவோம். இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசமாட்டோம். யாழ்ப்பாணத்தில்தான் அதெல்லாம், எங்களிடம் இல்லை என்போம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியைக் காரணம் காட்டி ஒருவரைப் பொது இடத்தில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். வீட்டு அடுப்படிக்குள் சட்டம் வரமுடியாது. நகரத்தைக் கூட்டித் துப்புரவாக்கும் தொழிலாளர் குடும்பங்கள் நம் கோயிலுக்கும் வருகிறார்கள். ஒரே நற்கருணையை வாங்குகிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் முதல்நன்மைக்கு அழைப்பு வரும்போது, "பூசைக்கு வாறம், சாப்பாட்டுக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கையில் அன்பளிப்பு உறை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல தொகைதான் இருக்கும் உள்ளே.

இதை நான் கடுமையாகவே சொல்வேன். அப்பத்தின் வடிவில் வரும் ஆண்டவரை நாவில் வாங்கிவிட்டு, அதே அப்பத்தை வாங்கிய இன்னொருவர் வீட்டுச் சோற்றை மறுப்பது திருப்பலியை மறுப்பதுதான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பவுல் கோபப்பட்டது இந்த விஷயத்துக்கே. நற்கருணைக்குக் கூடிவரும் இடத்தில் ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் குடிவெறியில் இருக்கிறார், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். எங்களுக்கு வந்திருந்தாலும் அதே கடிதம்தான் வந்திருக்கும்.

எங்கள் மண்ணில் இதை வேறுவிதமாக வாழ்ந்து காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குரு பெஞ்சமின் மில்லர், எங்களுக்கு 'பாதர் மில்லர்', ஏறக்குறைய 70 வருடம் இலங்கையிலேயே இருந்து, 2019 ஜனவரி முதலாம் திகதி இங்கேயே கண்ணை மூடினார். போர்க்காலத்தில் பிள்ளையைக் காணவில்லை என்று அழுதுகொண்டு வந்த தாய்மாருக்கு அவர் இருந்து காதுகொடுத்தார், விபரங்களை எழுதிக்கொண்டு முகாம்களில் போய்க் கேட்டார். மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய பாதர் ஹேபர்ட், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். அவரோடு ஸ்கூட்டரில் வந்த தமிழ் இளைஞரையும் காணவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன், 1988 ஜூன் 6இல், பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த பாதர் சந்திரா பெர்னாண்டோவைச் சுட்டுக்கொன்றார்கள். இவர்களிடம் கொடுப்பதற்கு அந்த நாட்களில் பெரிதாக என்ன இருந்தது? துவக்குக்கு முன் ஒரு குருவின் அங்கி எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும்? ஆனால் வெளியே போக வழியிருந்தும் போகாமல், நாங்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, எங்களுக்கு வந்த ஆபத்தைத் தங்களுக்கும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு வாங்குதலைப் பற்றியும் எழுதவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் குண்டு வெடித்த அதே காலையில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் வெடித்தது. ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த சின்னப் பிள்ளைகள் செத்தார்கள். அந்தச் சாவுகளை எழுத எனக்கு இப்போதும் கை நடுங்கும். அதற்குப் பிந்திய வாரங்களில் எங்கள் ஊரில் ஒரு முஸ்லிம் பெண் சந்தைக்கு வந்தால் எல்லாரும் விலகி நின்றார்கள். கடைகளில் வியாபாரம் நின்றது. யார் செய்தது, யாரைத் தண்டிப்பது என்ற வேறுபாடு இல்லாமல் ஒரு சமூகத்தையே தள்ளிவைத்தோம்.

மே மாதம் முதல் வாரத்தில் நோன்பு தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் வருடாவருடம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பும் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வருடம் கஞ்சி வருமா என்று யாரும் பேசவில்லை. முதல் நோன்பன்று பின்னேரம், அந்த வீட்டு வாப்பா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற வருடங்களில் பிள்ளைகள்தான் கொண்டுவருவார்கள். பிள்ளைகளை அனுப்பப் பயம் என்று விளங்கியது. படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. "எடுப்பீங்களா?" என்று கேட்டார். என் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், எங்கள் வீட்டில் இருக்கிற ஆகப்பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினா. அன்றிரவு எல்லாரும் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தோம். அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய இரக்கச் செயல் அதுதான் என்று நான் நினைக்கிறேன், அதைச் செய்தது யார் என்று கேட்டால் இரண்டு பேர் பெயரையும் சொல்வேன்.

செத்த வீடும் அப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் செத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் வளர்ப்பு. ஆனால் கடன் நெருக்கி, நுண்கடன் கம்பனிக்காரர் வாசலில் வந்து நிற்க, மனம் உடைந்து தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட ஒருவரின் வீடு என்றால் ஊரின் கால் பின்வாங்கும். 1917இன் திருச்சபைச் சட்டம் அப்படிச் செத்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கச் சொன்னது உண்மை. 1983இன் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. கடுமையான மன உளைச்சலும் பயமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களை மீட்க வல்லவர் என்றும் மறைக்கல்வி ஏடு தெளிவாகச் சொல்கிறது. சட்டம் மாறி நாற்பது வருடமாகிவிட்டது, ஊர் வாய் இன்னும் மாறவில்லை. அந்த வீட்டில் 31ஆம் நாள் திருப்பலிக்குப் பிறகு சமைத்துவைத்திருக்கும் சோற்றை யார் இருந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். போய் இருந்து சாப்பிடுங்கள். விதவையின் கையால் இரண்டாம் தரம் கறி வாங்குங்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், மனப் பாரத்தால் தவிக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், சாவு வீடாகும்வரை காத்திராமல் இன்றைக்கே போய்ப் பேசுங்கள், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் பந்தியிலேயே இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு. இல்லாதவர்களிடம் இருக்கிற சீனியையும் தேயிலையையும் குடித்துத் தீர்த்துவிட்டு வருவதா இரக்கம் என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அரசாங்கம் தரும் அஸ்வெசும நிவாரணக் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இரண்டு கரண்டி சீனியும் கணக்குத்தான். அதனால்தான் மாமி தண்ணீர் மட்டும் கேட்பா. கிணற்றுத் தண்ணீருக்கு யாரும் கடன்பட வேண்டாம். தேத்தண்ணி ஊற்றுவதா, ரொட்டி சுடுவதா என்று அந்த வீட்டுக்காரர்தான் தீர்மானிப்பார்கள். அவர்கள் தீர்மானித்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பழைய ஏற்பாட்டில் வரும் சரேப்தாவின் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதில் முதலில் எனக்கு ஒரு அப்பம் சுட்டுத் தா என்று இறைவாக்கினர் எலியா கேட்டார். எவ்வளவு துணிச்சலான கேள்வி! அவளைப் பிச்சைக்காரியாக அவர் பார்க்கவில்லை. விருந்து கொடுக்க வல்லவளாகப் பார்த்தார்.

பிரான்சிஸ் பாப்பரசர் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி'யில், வறியவர்கள் நமக்குக் கற்றுத்தர நிறைய இருக்கிறது, அவர்களால் நாம் நற்செய்தி அறிவிக்கப்பட நம்மை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார். கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் அதைச் செய்ய ஒரு கருத்தரங்கும் தேவையில்லை. ஆயித்தியமலைக்கு நடந்து போகும் யாத்திரையில் இதை நாங்கள் ஏற்கெனவே செய்கிறோம். வழிநெடுகப் படலையில் நின்று, எந்தச் சமயம் என்று கேட்காமல், சர்க்கரைத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறவர்களிடம் வாங்கிக் குடித்துக்கொண்டுதானே மாதாவிடம் போகிறோம்? அந்தப் பழக்கத்தை மற்ற நாட்களுக்கும் கொண்டுவந்தால் போதும்.

இந்த வருடம் வறியோர் நாளுக்கு எங்கள் பந்தி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பொதி கொடுப்போம், ஆனால் முதல் வாரமே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம், பெயர் வாசிப்பும் படமும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. அரிசியும் சாமானும் எல்லாரும் சேர்ந்து போடுவது, சமைப்பது நாங்கள் போய்வரும் குடும்பங்களின் தாய்மார். அவர்கள் பரிமாற, பங்கு மக்கள் இருந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் இருக்க, நாங்கள் பரிமாறுவோம். இரண்டு பேர் இது சரிவராது என்றார்கள். ஆட்கள் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். போகிறவர்கள் போகட்டும் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார், தான் முதல் பந்தியிலேயே இருப்பதாகவும் சொன்னார்.

கேத்தலில் துணி சுற்றியிருக்கும் அந்த அம்மாவைத் தேத்தண்ணிக்குப் பொறுப்பாகக் கேட்டிருக்கிறோம். நூறு பேருக்கு ஊற்ற வேண்டும் என்றதும், "அப்ப இஞ்சி ரெண்டு கிலோவாவது வேணும்" என்றா. மகளும் கூட நிற்பாள். அரிசிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. தேங்காய் ஆரையம்பதியிலிருந்து ஒருவர் தருகிறார். மீன் இன்னும் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் இருந்தால், சொல்லுங்கள்.